ஒரு கை ஆயுதமா, இரு கை ஆயுதமா? கற்பனை உலகப் பாத்திர ஆட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளிலிருந்து வந்து, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியறையில் கூடி ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசையாட்டத்தை ஆடும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள், முதல் பாத்திரத்தை உருவாக்கும்போதே கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எட்டுப் பக்கப் பகடையை டி8 என்றும், இரண்டு ஆறு பக்கப் பகடைகளைச் சேர்த்து உருட்டுவதை 2டி6 என்றும் குறிப்பிடுகிறோம். வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் ஐந்தாம் பதிப்பின் விதிகளே பேசப்படுகின்றன. அந்தப் பதிப்பின் 2014 நூலுக்கும் 2024 திருத்தத்துக்கும் வேறுபாடு உள்ள இடங்களில் அதைத் தனியே சொல்லியிருக்கிறோம். பெரும்பாலானவர்கள் ஆயுதப் பட்டியலில் சேதத்துக்கான பகடையை மட்டும் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். பகடையைவிட முக்கியமானது, அந்த ஆயுதத்தை ஏந்திய பிறகு பாத்திரத்துக்கு எத்தனை கைகள் மிஞ்சுகின்றன என்பதுதான் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

ஒரு கை, இரு கை என்ற பிரிவு விதிகளுக்கு ஏன் தேவைப்பட்டது?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த முதல் பதிப்பின் அடிப்படை விதிகளில், எந்த ஆயுதத்தால் அடித்தாலும் சேதத்துக்கு ஒரே ஒரு டி6தான் உருட்டப்பட்டது. குறுங்கத்தியும் இரு கை வாளும் சேதத்தில் ஒன்றே என்றால், கேடயத்தைக் கைவிட்டுப் பெரிய வாளைத் தூக்க எவருக்கும் காரணம் இருக்காது. 1975இல் வந்த கிரேஹாக் துணைநூல் ஆயுதத்துக்கு ஆயுதம் வெவ்வேறு பகடைகளைக் கொடுத்தது. 1978இல் வெளியான மேம்பட்ட பதிப்பின் ஆட்டக்காரர் நூலில் இந்த வேறுபாடு இன்னும் விரிந்தது: மனித அளவு எதிரிகள்மேல் நீள்வாளுக்கு டி8, இரு கை வாளுக்கு டி10; பேருருவ எதிரிகள்மேல் முன்னதற்கு டி12, பின்னதற்கு 3டி6. ஒரு கையை இழப்பதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு விதிகள் தந்த முதல் தெளிவான விடை அது. அதன்பின் வந்த ஒவ்வொரு பதிப்பும் அதே கேள்விக்குத் தன் விடையைத் திருத்தி எழுதிக்கொண்டே வந்திருக்கிறது.

இப்போதைய விதிகளில் ஆயுதங்கள் எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளன?

'டூ-ஹேண்டட்' என்று குறிக்கப்பட்டவற்றை இரு கைகளாலும் பிடித்துத்தான் அடிக்க முடியும். கிரேட்ஸ்வர்டு என்னும் பெருவாள் (2டி6), கிரேட்ஆக்ஸ் என்னும் பெருங்கோடரி (டி12), நீளமான பிடிகொண்ட கோடரியான ஹால்பெர்டு (டி10) ஆகியவை இதில் அடங்கும். 'வெர்சடைல்' என்று குறிக்கப்பட்டவற்றை ஒரு கையாலும் வீசலாம், இரு கையாலும் வீசலாம். லாங்ஸ்வர்டு என்னும் நீள்வாள் ஒரு கையில் டி8, இரு கைகளில் டி10. இவ்விரு குறிப்புகளும் இல்லாதவை ஒரு கை ஆயுதங்கள். அவற்றுள் 'லைட்' என்ற குறிப்புள்ளவற்றை மட்டுமே அடிப்படை விதிகளின்படி இரண்டு கைகளிலும் ஒவ்வொன்றாக ஏந்திச் சண்டையிட முடியும்.

'ஹெவி' என்ற குறிப்பை 'டூ-ஹேண்டட்' குறிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எடையைப் பற்றியது. 2014 விதிகளில் ஹாஃப்லிங் போன்ற சிறிய உருவத்தினர் ஹெவி ஆயுதத்தால் அடிக்கும்போது, அடி படுகிறதா என்று பார்க்க ஒரு டி20க்குப் பதில் இரண்டு டி20 உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். 2024 திருத்தம் உருவ அளவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கைச்சண்டை ஆயுதமானால் பலம் 13க்குக் குறைந்த எவருக்கும், எறியும் அல்லது எய்யும் ஆயுதமானால் லாகவம் 13க்குக் குறைந்த எவருக்கும் அதே தண்டனையைக் கொடுத்தது. இது நல்ல மாற்றம். பலசாலியான ஹாஃப்லிங் ஒருத்தி பெருவாளைத் தூக்கிவரும் கதையை விதிகள் இப்போது தடுப்பதில்லை.

இரு கை ஆயுதத்தை எப்போதும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அடிக்கும் கணத்தில் மட்டும் இரண்டு கைகளும் அதன்மேல் இருந்தால் போதும். மற்ற நேரங்களில் கிரேட்ஸ்வர்டை ஒரு கையில் தாங்கியபடி மறு கையால் கதவைத் திறக்கலாம், மருந்துக் குப்பியை எடுத்துக் குடிக்கலாம், மந்திரத்துக்கான சைகை செய்யலாம். ஐந்தாம் பதிப்பில் ஒரு கையை எடுப்பதற்கும் மீண்டும் வைப்பதற்கும் தனிச் செலவு எதுவும் குறிப்பிடப்படவில்லை. இதனால் ஒரு விந்தையான விளைவு உண்டாகிறது: கைகள் நிறைந்திருப்பது உண்மையில் இரு கை ஆயுதக்காரருக்கு அன்று, வாளும் கேடயமும் ஏந்தியவருக்குத்தான். வாளை உறையில் போடலாம், கீழே போடலாம். ஆனால் கேடயத்தைக் கழற்றுவதற்கு, தன் முறையில் செய்யக்கூடிய முதன்மைச் செயலான ஒரு முழு ஆக்‌ஷன் செலவாகும். பெரிய வாளை எடுப்பவர் கைகளை இழக்கிறார் என்று நினைத்துத் தயங்கும் புதியவர்களிடம் நாங்கள் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

கேடயமா, பெரிய வாளா? கணக்கில் எது மேல்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். பலம் 16 (அதாவது கூட்டெண் +3) உள்ள முதல் நிலைப் போர்வீரன் சங்கிலிக் கவசம் அணிந்திருக்கிறான்; அவனுடைய ஆர்மர் கிளாஸ், அதாவது அவன்மேல் அடி விழ எதிரி எட்ட வேண்டிய எண், 16. எதிரே 2014 நூலின் ஆர்க் என்னும் அரக்கன் ஒருவன் நிற்கிறான். அவன் டி20 உருட்டி 5 கூட்டி அடிக்கிறான். அடி விழுந்தால் கிரேட்ஆக்ஸால் சராசரியாக 9.5 சேதம்.

கேடயம் இல்லாவிட்டால் ஆர்க்குக்கு டி20இல் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அது 50 சதவீதம். கேடயம் ஆர்மர் கிளாஸை 18 ஆக்கினால் 13 வேண்டும். அது 40 சதவீதம். ஆகவே பத்து வீச்சுகளில் ஐந்துக்குப் பதிலாக நான்கே படும், 9.5 சேதம் மிச்சமாகும்.

இனித் தாக்குதலின் பக்கம். 2014 விதிப்படி, பெரிய ஆயுதத்துக்கான ஃபைட்டிங் ஸ்டைல் (போர்வீரர் தேர்ந்துகொள்ளும் சண்டைப் பாணி) உள்ளவர் சேதப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் ஒருமுறை மறுபடி உருட்டலாம். 2டி6இன் சராசரி 7இலிருந்து 8.33 ஆகிறது, பலத்தையும் சேர்த்தால் 11.33. கேடயக்காரர் ஒரு கையில் லாங்ஸ்வர்டு ஏந்தி சேதத்தில் 2 கூட்டும் டூயலிங் ஸ்டைல் எடுத்தால் 4.5, அதனுடன் 2, பலத்துக்கு 3, ஆக 9.5. ஓர் அடிக்கு 1.83 வேறுபாடு. பத்து வீச்சுகளில் ஆறு படுவதாகக் கொண்டால் பெருவாள் கூடுதலாகத் தருவது சுமார் 11 சேதம்.

பத்து வீச்சுகளுக்குப் பிறகு ஒரு பக்கம் 9.5, மறு பக்கம் 11. விதிகளை எழுதியவர்கள் இவ்விரண்டையும் எவ்வளவு நெருக்கமாக எடைபோட்டு வைத்திருக்கிறார்கள் என்பதைக் காணும்போது உண்மையாகவே வியப்பாக இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு ஓர் எதிரி, ஒரு வீரன் என்ற நிலைக்கு மட்டுமே பொருந்தும். மூன்று ஆர்க்குகள் சூழ்ந்துகொண்டால் கேடயத்தின் பயன் மூன்று மடங்காகிறது, பெருவாளின் பயன் மாறாமல் நிற்கிறது. எதிரிகள் கேடயக்காரரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் மந்திரவாதியை நோக்கி ஓடினால் கேடயத்தின் பயன் சுழியம். கவசம் உயர உயரக் கேடயம் மதிப்புக் கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும்: அதே +5 எதிரிக்கு எதிராக 16இலிருந்து 18க்கு ஏறும்போது விழும் அடிகளில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, தகட்டுக் கவசத்தின் 18இலிருந்து 20க்கு ஏறும்போது நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே, குழுவில் யார் முன்னே நின்று எல்லோருடைய பார்வையையும் தன்மேல் இழுக்கிறாரோ அவருக்குக் கேடயம் பொருந்தும்; யார் பக்கவாட்டில் புகுந்து ஒருவரை விரைவில் வீழ்த்த வேண்டுமோ அவருக்குப் பெருவாள் பொருந்தும். இதைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாமல், மற்றவர்கள் என்ன பாத்திரம் எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

2024 திருத்தத்தில் இந்தக் கணக்கு மாறிவிட்டதா?

மாறியிருக்கிறது. மறுபடி உருட்டும் விதி நீக்கப்பட்டு, சேதப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் அதை 3 என்று எண்ணும் விதி வந்திருக்கிறது. இதனால் கிரேட்ஸ்வர்டின் சராசரி 8; கிரேட்ஆக்ஸின் சராசரி 6.5இலிருந்து 6.75 மட்டுமே ஆகிறது. பழைய விதியில் கிரேட்ஆக்ஸ் 7.33ஐத் தொட்டது. மேசையில் ஆட்டம் விரைவாக ஓடுகிறது என்பது மெய். ஆனால் கிரேட்ஆக்ஸ் பிரியர்களுக்கு இந்த ஸ்டைல் இப்போது ஏறக்குறையப் பயனற்றது, அவர்கள் கவசத்துக்கு 1 கூட்டும் டிஃபென்ஸ் ஸ்டைலை எடுப்பதே சிறந்தது.

பெரிய மாற்றம் வேறு இடத்தில் உள்ளது. ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு மாஸ்டரி குணம் கொடுக்கப்பட்டிருக்கிறது. கிரேட்ஸ்வர்டின் 'கிரேஸ்' குணம், வீச்சு தவறினாலும் பலத்தின் கூட்டெண் அளவுக்குச் சேதம் கொடுக்கும். கிரேட்ஆக்ஸின் 'கிளீவ்' பக்கத்தில் நிற்கும் இன்னொருவரையும் தாக்க வாய்ப்பளிக்கும். லாங்ஸ்வர்டின் 'சாப்' எதிரியின் அடுத்த தாக்குதலைத் தளரச் செய்யும். பழைய கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட்டில் (பாத்திரத்துக்குத் தேர்ந்துகொள்ளும் தனித்திறன்) இருந்த, அடிக்கும் எண்ணில் 5 குறைத்துச் சேதத்தில் 10 கூட்டும் சூதாட்டமும் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஹெவி ஆயுதத்தின் சேதத்தில் பாத்திரத்தின் பயிற்சி அளவான புரோஃபிஷியன்சி எண் கூடுகிறது. அந்தப் பழைய விதி, கணக்குத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே ஒரே மேசையில் பெரும் பள்ளத்தை உண்டாக்கியதால், அது போனதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

லாங்ஸ்வர்டை இரு கையால் பிடிப்பதால் என்ன பயன்?

டி8இலிருந்து டி10க்கு மாறினால் சராசரி 1 மட்டுமே கூடும். அந்த ஒன்றுக்காகக் கேடயத்தைக் கைவிடுவது நட்டம்தான். கேடயம் இல்லாத பாத்திரம், ஒரு கையை வேறு வேலைக்காக அடிக்கடி விடுவிக்க வேண்டியிருந்தால், வெர்சடைல் ஆயுதம் அருமையாகப் பொருந்தும்: எதிரியின் கழுத்துப்பட்டையைப் பற்றி நிறுத்த ஒரு கை போனாலும், மறு கையால் டி8 கொண்டு அடிப்பதைத் தொடரலாம். கிரேட்ஸ்வர்டுக்காரரால் அப்போது அடிக்கவே முடியாது.

இரண்டு கைகளிலும் இரண்டு ஆயுதங்கள் ஏந்துவது இதைவிடச் சிறந்ததா?

தொடக்க நிலையில் சமம். +3 கூட்டெண் உள்ளவர் இரு ஷார்ட்ஸ்வர்டுகளால் (குறுவாள், டி6) அடித்தால், முதல் வீச்சு 3.5 கூட்டல் 3, இரண்டாம் வீச்சில் கூட்டெண் சேராது என்பதால் 3.5, இரண்டும் பட்டால் 10. கிரேட்ஸ்வர்டின் ஒரே வீச்சு பட்டாலும் 7 கூட்டல் 3, அதுவும் 10. இரட்டை வாள்காரருக்கு ஒன்று தவறினாலும் மற்றொன்று பட வாய்ப்புண்டு, சிறிய எதிரிகள் இருவரிடையே வீச்சுகளைப் பங்கிடலாம். ஆனால் இரண்டாம் வீச்சுக்கு, ஒரு முறையில் ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் செலவாகிறது.

ஐந்தாம் நிலையில் போர்வீரர்களுக்கு ஒரு முறைக்கு இரண்டு தாக்குதல்கள் கிடைக்கும்போது சமநிலை குலைகிறது. கூட்டெண் +4 என்று கொண்டால், கிரேட்ஸ்வர்டு இரண்டு வீச்சுகளில் 22. இரட்டை வாள் மூன்று வீச்சுகளில் 18.5. டூ-வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைல் எடுத்தால் இரட்டை வாள் 22.5க்கு ஏறுகிறது; பெருவாள்காரரும் தன் ஸ்டைலை எடுத்தால் 2024 கணக்கில் 24. 2024 திருத்தத்தின் 'நிக்' மாஸ்டரி குணம், குறுங்கத்தி, சிமிட்டர் என்னும் வளைவாள் போன்றவற்றால் அந்தக் கூடுதல் வீச்சைப் போனஸ் ஆக்‌ஷன் செலவின்றியே வீச விடுகிறது; இரட்டை ஆயுதப் பாணிக்கு நெடுநாளாக இருந்த குறையை அது ஓரளவு தீர்த்துவிட்டது.

மந்திரம் செய்யும் பாத்திரங்களுக்கு எது பொருந்தும்?

மேசையில் மிகுதியான வாக்குவாதம் எழுவது இந்த இடத்தில்தான். பல மந்திரங்களுக்குக் கைச்சைகை வேண்டும். சைகைக்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். மந்திரத்துக்குப் பொருளும் தேவைப்பட்டால், அந்தப் பொருளையோ மந்திரக் கருவியையோ ஏந்திய அதே கையால் சைகையையும் செய்யலாம். மதகுருவின் கேடயத்தில் தெய்வச் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தால் கேடயம் ஏந்திய கையே போதும். ஆனால் பொருள் தேவைப்படாமல் சைகை மட்டும் தேவைப்படும் மந்திரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே வாளும் சின்னம் பொறித்த கேடயமும் ஏந்திய மதகுருவால் பொருள் வேண்டும் மந்திரத்தைச் செய்ய முடியும், பொருள் வேண்டாத எளிய மந்திரத்தைச் செய்ய முடியாது என்ற தலைகீழ் நிலை உண்டாகிறது. நூலில் உள்ள விதி அதுதான். வார் காஸ்டர் என்ற ஃபீட் எடுத்தால் ஆயுதமும் கேடயமும் ஏந்திய நிலையிலேயே சைகை செய்யலாம். அந்த ஃபீட் எடுக்காதவருக்கும் பொருள் வேண்டிய மந்திரம் இயலும் என்றால் பொருள் வேண்டாததும் இயலும் என்று எங்கள் மேசையில் தளர்த்தியிருக்கிறோம்; ஃபீட் எடுத்தவருக்கு அதன் மற்ற நன்மைகள் மிச்சம் இருப்பதால் அவருக்கு இதில் அநீதி இல்லை.

பெரிய ஆயுதமும் மந்திரமும் சேர்ந்த பாத்திரம் வேண்டுபவருக்கு, முன்பே சொன்னபடி, கிரேட்ஸ்வர்டு ஒரு சிக்கலும் தராது.

கைகளைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டுமா? ஆட்டம் மெதுவாகிவிடாதா?

வைத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து. பாத்திரத் தாளின் ஓரத்தில் வலக்கை, இடக்கை என்று இரண்டு கட்டங்கள் வரைந்து, பென்சிலால் எழுதிவைத்தால் மெதுவாகாது. இதைச் செய்யாத மேசைகளில் தீப்பந்தம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியே எழுவதில்லை. தீப்பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சமும் அதற்கப்பால் இன்னும் 20 அடிக்கு மங்கல் வெளிச்சமும் தரும். ஆனால் அதை யாராவது ஒரு கையில் பிடித்திருக்க வேண்டும். இருளில் பார்வை இல்லாத மனிதர்கள் நிறைந்த குழுவில், வாள், கேடயம், தீப்பந்தம் என்று மூன்று பொருள்களுக்கு இரண்டு கைகள் மட்டுமே இருக்கும்போதுதான் உண்மையான முடிவுகள் பிறக்கின்றன.

எங்கள் கதைத்தொடரின் பெரும்பகுதி ஒரு கற்பனைத் துறைமுகத்தில் நடக்கிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகு ஏறிப் பழகியவர்கள் எங்களில் உண்டு. அலை எழும்போது ஒரு கை தானாகவே கயிற்றைத் தேடிப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே படகின் தளத்தில் சண்டை நடந்தால், ஒரு கையால் எதையாவது பற்றியிருப்பவருக்குத் தடுமாற்றத்துக்கான சோதனை கிடையாது, இரு கைகளையும் ஆயுதத்துக்குக் கொடுத்தவர் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் லாகவச் சோதனை உருட்ட வேண்டும் என்று ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் விதித்தார். இது நூலில் உள்ள விதி அன்று, எங்கள் சொந்த ஏற்பாடு. அதற்குப் பிறகு, வழக்கமாக இறுதி அடியைக் கொடுக்கும் கிரேட்ஆக்ஸ்காரர் பாய்மரத்தில் முதுகைச் சாய்த்து நிற்க இடம் தேடினார், குறுங்கத்திக்காரி அந்தச் சண்டையின் நாயகி ஆனாள். இடத்துக்கேற்ப ஆயுதத்தின் மதிப்பு மாறும் சண்டைகளே நினைவில் நிற்கின்றன.

எதிரியைப் பற்றிப் பிடிப்பதற்கும் ஒரு காலியான கை வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சண்டையின் நடுவில் ஆயுதத்தை மாற்றலாமா?

2014 விதிகளில் ஒரு முறையில் ஒரு பொருளை இலவசமாக எடுக்கவோ உறையில் போடவோ செய்யலாம்; இரண்டாவது பொருளுக்கு ஆக்‌ஷன் செலவாகும். கையிலுள்ளதைக் கீழே போடுவதற்குச் செலவில்லை என்பதே வழக்கம். 2024 திருத்தத்தில் அட்டாக் ஆக்‌ஷனின் ஒவ்வொரு தாக்குதலோடும் ஓர் ஆயுதத்தை எடுக்கவோ வைக்கவோ முடிகிறது. இதனால் ஒரே முறையில் பல ஆயுதங்களை மாற்றி மாற்றி அவற்றின் மாஸ்டரி குணங்களை எல்லாம் அறுவடை செய்யும் பழக்கம் சிலரிடம் வந்திருக்கிறது. விதி அதற்கு இடம் தருகிறது, ஆனால் பார்க்க அழகாக இல்லை. எங்கள் மேசையில் ஒரு முறைக்கு ஒரு மாற்றம் என்று வரம்பு வைத்திருக்கிறோம்.

மற்ற ஆட்டங்களில் விதிகள் எப்படி உள்ளன?

2000ஆம் ஆண்டு வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பில் பலத்தின் கூட்டெண்ணே கைகளைப் பொறுத்து மாறியது: இரு கையால் அடித்தால் ஒன்றரை மடங்கு, இடக்கை ஆயுதத்துக்குப் பாதி. பலசாலிக்கு இரு கை ஆயுதம் இயல்பாகப் பொருந்தியது. உடலின் இயக்கத்தோடு ஒத்துப்போகும் விதி அது என்று இன்றும் கருதுகிறோம்.

2019இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற மற்றொரு பாத்திர ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு கைகளுக்கு மிகக் கறாரான விலை வைக்கிறது. ஒரு முறைக்கு மூன்று ஆக்‌ஷன்கள். ஒரு கையை எடுப்பது இலவசம், மீண்டும் வைத்து இரு கைப் பிடிக்கு வருவதற்கு ஓர் ஆக்‌ஷன். கேடயத்தைச் சும்மா ஏந்தியிருந்தால் பயனில்லை, ஒவ்வொரு முறையும் ஓர் ஆக்‌ஷன் செலவிட்டு உயர்த்தினால்தான் +2. பாஸ்டர்டு ஸ்வர்டு ஒரு கையில் டி8, இரு கையில் டி12 என்று தாவுவதால் பிடியை மாற்றுவது அங்கே ஒரு பெரிய முடிவாகிறது. கைகளைப் பற்றிய சிந்தனையில் இதுவே நாங்கள் ஆடியவற்றுள் சிறந்த விதித்தொகுப்பு.

கர்ப்ஸ் என்ற வேறொரு பாத்திர ஆட்டத்தில் இரு கை ஆயுதங்கள் இரு வகை. நுனி கனத்த பெரிய கோடரியும் ஹால்பெர்டும் ஒரு வீச்சுக்குப் பிறகு மீண்டும் தயார்படுத்தப்பட வேண்டும். பெருவாளுக்கு அந்தத் தேவை இல்லை.

இரு கை வாள் மெதுவானது என்பது உண்மையா?

1978 நூலில் இரு கை வாளின் வேக எண் 10, நீள்வாளுடையது 5, குறுங்கத்தியுடையது 2. எண் கூடக்கூட மெதுவானது என்று பொருள். அந்த நம்பிக்கை இன்றும் பலரிடம் உள்ளது. உண்மையில் இரண்டு கைகள் பிடியில் இடைவெளி விட்டு இருக்கும்போது ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கிறது. நெம்புகோல் போன்ற அந்த இயக்கத்தால் நீண்ட வாளின் நுனி விரைவாகத் திரும்புகிறது, விரைவாக நிற்கவும் செய்கிறது. ஐந்தாம் பதிப்பில் கிரேட்ஸ்வர்டின் எடை 6 பவுண்டு, அதாவது சுமார் 2.7 கிலோ, போரில் பயன்பட்ட ஐரோப்பியப் பெருவாள்களின் எடையும் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருந்தது. கணினி விளையாட்டுகளில் பார்க்கும் இரும்புப் பலகை போன்ற வாள்களை மனத்தில் வைத்து விதியைத் திருத்த வேண்டாம். ஐந்தாம் பதிப்பு வேகத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டது சரியான முடிவே.

கணினி விளையாட்டுகளில் கற்றது இங்கே செல்லுமா?

ஓரளவுக்கு மட்டும். எல்டன் ரிங்கில் ஓர் ஆயுதத்தை இரு கையால் பிடித்தால் பலம் ஒன்றரை மடங்காக எண்ணப்படுகிறது. ஆகவே பலம் 20 உள்ளவர் 30 கேட்கும் ஆயுதத்தை ஏந்த முடியும். மேசையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் இப்படி ஒன்று இல்லை. ஸ்கைரிமில் ஒரு கைத் திறனும் இரு கைத் திறனும் தனித்தனியே வளர்கின்றன. இங்கே அந்தப் பிரிவு இல்லை, ஒரே பயிற்சியில் இரண்டும் அடங்கும். பால்டர்ஸ் கேட் 3 ஐந்தாம் பதிப்பின் விதிகளையே அடிப்படையாகக் கொண்டது என்பதால் அதில் கற்றது பெரிதும் பயன்படும். மறு கை காலியாக இருந்தால் வெர்சடைல் ஆயுதத்தை அது தானாகவே இரு கையால் பிடித்துக்கொள்ளும். மேசையில் அதை நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மேசைக்கு மேசை விதி மாறினால் குழப்பம் வராதா?

ரெட் போட்டபின் ஃபாலோ எப்படி, டியூ எத்தனை காய் என்று வடசென்னையில் தெருவுக்குத் தெரு கேரம் விதி மாறினாலும், முதல் காயைச் சுண்டுவதற்கு முன் பேசி முடித்துவிட்டால் சண்டை வருவதில்லை. இங்கும் அவ்வாறே முதல் அமர்விலேயே பேசிவிடுங்கள்.

சிலம்பம், சுருள்வாள், கட்டாரி போன்ற நம் ஆயுதங்களை எந்த வகையில் சேர்க்கலாம்?

எங்கள் பக்கம் சிலம்பம் கற்ற பிள்ளைகள் பலர் ஆட வருவதால் இது அடிக்கடி எழும் கேள்வி, எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வியும்கூட. சிலம்பக் கம்புக்கு குவார்ட்டர்ஸ்டாஃபின் விதி இயல்பாகவே பொருந்துகிறது: ஒரு கையில் டி6, இரு கைகளில் டி8, வெர்சடைல். கம்பு வீசுபவர் ஒரு சுழற்சிக்குள்ளேயே ஒரு கைப் பிடிக்கும் இரு கைப் பிடிக்கும் மாறி மாறிப் போவார் என்பதால், பிடி மாற்றத்துக்குச் செலவு கேட்காத ஐந்தாம் பதிப்பு அதற்கு நியாயம் செய்கிறது. போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட் எடுத்தால் கம்பின் மறுமுனையால் போனஸ் ஆக்‌ஷனில் டி4 அடி கொடுக்கலாம். 2014 நூலின் சொற்களின்படி கேடயம் ஏந்திய ஒருவர் ஒரு கையில் கம்பைப் பிடித்தபடியே அந்த மறுமுனை அடியைக் கொடுக்க முடியும். எங்கள் மேசையில் அதை ஏற்பதில்லை. மறுமுனை அடி என்பது முன்கை இழுக்கப் பின்கை தள்ளுவதால் பிறப்பது. கம்பு பிடித்துப் பழகிய எவரையும் கேட்டால் சொல்வார்கள். இரு கைகளும் கம்பின்மேல் இருந்தால் மட்டுமே அந்த அடி செல்லும்.

கட்டாரியைக் குறுங்கத்தியாகக் கொள்வதைவிட, லைட், ஃபினெஸ் (பலத்துக்குப் பதில் லாகவத்தால் அடிக்க விடுவது) குணங்களுடன் டி6 உள்ள ஷார்ட்ஸ்வர்டாகக் கொள்வது நல்லது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள தஞ்சாவூர்க் கட்டாரிகளைப் பார்த்தால், குறுக்குப் பிடியும் அகன்ற அலகும் முழங்கையின் வலிமை முழுவதையும் குத்தில் இறக்குவதற்காகவே அமைந்தவை என்பது விளங்கும். அவற்றில் எறிவதற்கான அமைப்பு எதுவும் இல்லை என்பதால், குறுங்கத்திக்கு உள்ள எறியும் குணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

மான்கொம்புகளால் ஆன குத்தும் ஆயுதமான மான்கொம்பு கொஞ்சம் கடினம். கொம்புகளின் நடுவே சிறு கேடயம் பொருத்திய வகையைக் கேடயம் என்று வைத்து +2 கொடுத்துவிட்டு, குத்தும்போது லைட் ஆயுதமாக டி4 கொடுத்தால் அது மற்ற எல்லாத் தேர்வுகளையும் விஞ்சிவிடும். தன் முறையில் அதனால் குத்தியவருக்கு அடுத்த முறை வரை கேடயத்தின் +2 கிடையாது என்ற நிபந்தனையுடன் நாங்கள் அதைச் சேர்த்திருக்கிறோம். இதுவரை நன்றாக ஓடுகிறது.

சுருள்வாளுக்குச் சாட்டையின் விதி: டி4, ஃபினெஸ், பத்து அடி எட்டும், ஒரு கை ஆயுதம். அதைச் சுழற்றுபவரைச் சுற்றி நண்பர்களும் நிற்க முடியாது என்பதால், ஐந்து அடிக்குள் கூட்டாளி யாராவது நின்றால் டன்ஜன் மாஸ்டர் இரண்டு டி20 உருட்டிக் குறைந்ததை எடுக்கச் சொல்வார். அதற்கு ஈடாகச் சேதத்தை டி6 ஆக உயர்த்தியிருக்கிறோம். இரண்டு கைகளிலும் இரண்டு சுருள்வாள் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, லைட் குணம் அதற்கு இல்லை என்பதால் ஒன்பதாம் நிலைக்கு முன் அனுமதி கிடையாது.